மூவாயிரம் வருஷத்து அடுப்பில் மாமு போட்ட தம்

அடுப்பை அடுப்பாகப் பயன்படுத்திய குற்றத்துக்காக வேலையை இழந்த பி.ஏ. பட்டதாரி இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அதிலும் அந்த அடுப்பை நான் பற்றவைக்கவில்லை. ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கவில்லை. பற்றவைத்தது என் மாமு. தின்றது என் பேராசிரியர். சிரித்தது டில்லியிலிருந்து வந்த அதிகாரி. வேலை போனது மட்டும் எனக்கு. இது என்ன நியாயம் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். ஏற்கெனவே கொதித்துப்போய் இருக்கிறேன்.

நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அப்போது எங்கள் அத்தா (அப்பாவை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடைக்கானல் பஜாரில் ஒரு ஹோட்டல் வைத்திருந்தார். ஹோட்டல் என்றதும் மாடி, பால்கனி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாலைந்து பெஞ்சு, ஒரு கல்லாப்பெட்டி, பின்கட்டில் வரிசையாக அடுப்புகள். குளிருக்கு அந்த அடுப்பு சுகம்தான். ஆனால் அந்தப் புகை என் சட்டையிலும் தலைமுடியிலும் பாடப்புத்தகத்திலும் ஏறிக்கிடந்தது. மதுரையில் காலேஜ் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்த பையன், “ஜமாலு, நீ வந்து உக்காந்தாலே எனக்குப் பசிக்குதுடா” என்பான். அவன் பாராட்டாகத்தான் சொன்னான். நான் விடுதிக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தேன்.

சரித்திரத்தில் பி.ஏ. தேறினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. திரும்பி மலையேறும்போது பஸ்ஸிலேயே இங்கிலீஷில் தும்ம ஆரம்பித்துவிட்டேன் என்று என் தங்கை இன்றைக்கும் சொல்வாள். அத்தாவுக்கு ஒரே சந்தோஷம். வந்து இறங்கிய அன்றே ஒரு புதுத் துண்டை எடுத்து என் தோளில் போட்டு, “வெள்ளனே எந்திரிச்சு வந்துரு. பெரிய அடுப்பை இனிமே நீ பாத்துக்க” என்றார்.

சந்திரகுப்தனையும் சமுத்திரகுப்தனையும் கரைத்துக் குடித்தவனுக்குப் பெரிய அடுப்பு! அன்றைக்கே முடிவு செய்தேன். எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போவது, அடுப்புப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பேராசிரியர் தணிகாசலம் எங்கள் ஹோட்டலுக்குச் சாப்பிட வந்தார். சென்னையில் ஒரு காலேஜில் வேலை. ஒல்லியான மனிதர், பெரிய மூக்குக்கண்ணாடி, காலர் வரைக்கும் பட்டன் போட்ட சட்டை. பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலத்துக் கல்லறைகள் நிறைய உண்டு. ஊர்க்காரர்கள் குள்ளர் வீடு என்பார்கள். அவற்றைச் சுற்றித் தோண்டிப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். நான் இலை போட்டபடியே என் பட்டத்தைப் பற்றி அவர் காதில் விழும்படி இரண்டு வார்த்தை போட்டேன். கைகழுவும்போது, “நம்மகிட்ட வேலைக்கு வர்றியாப்பா?” என்று கேட்டுவிட்டார்.

கள உதவியாளர்! அந்தப் பெயருக்காகவே ஒரு காக்கிக் கால்சட்டையும் ஒரு தொப்பியும் வாங்கினேன். தொப்பி தலைக்குப் பெரிது. காற்றடித்தால் தொப்பி ஒரு பக்கம் திரும்பும், நான் ஒரு பக்கம் திரும்புவேன். ஆனாலும் பெரும்பாறையில் ஆரஞ்சுத் தோட்டத்து ஆட்களுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும்போது நான்தான் ஏதோ அந்த மலையைக் கண்டுபிடித்தவன் மாதிரி நடப்பேன். மண்ணுக்குள்ளிருந்து வாள் வரும், கிரீடம் வரும், படத்தோடு பேப்பரில் செய்தி வரும், அதில் பேராசிரியருக்குப் பக்கத்தில் நான் நிற்பேன் என்றெல்லாம் கனவு.

ஒருநாள் காலை, பேராசிரியர் மேட்டிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். அங்கே பெரிய பாறை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு கூரை மாதிரி நிற்கும். அதன் அடியில் மழைத்துளி விழாது. அங்கேதான் அவர் முட்டிபோட்டுக் குனிந்திருந்தார். ஓடினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“ஜமால், நமக்கு யோகம்தான்! என்ன கிடைச்சிருக்கு பாரு!”

“வாளா சார்?”

“அடுப்பு!”

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். எந்த அடுப்புக்குப் பயந்து மலையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடிவந்தேனோ, அந்த அடுப்பு எனக்கு முன்னால் மூவாயிரம் வருஷமாக அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

பேராசிரியர் அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார். மூன்று பக்கமும் கல் நிறுத்தியிருப்பதைக் காட்டுவார். நாலாவது பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அங்கிருந்து வரும் காற்று நெருப்பை ஊதிக்கொடுக்கும் என்பார். பக்கத்தில் சின்னதாக ஒரு குழி. அதற்குள் நெருப்பில் வெந்து, சிவந்து, வெடித்துப்போன கற்கள். அந்தக் காலத்து மனிதன் கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீருக்குள் போட்டு அந்தத் தண்ணீரையே கொதிக்க வைப்பானாம். கறியை இலையில் சுற்றிக் குழிக்குள் வைத்து, மேலும் கீழும் சுட்ட கல்லை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடிவிட்டு வேட்டைக்குப் போய்விடுவானாம். திரும்பி வரும்போது கறி பஞ்சு மாதிரி வெந்திருக்குமாம்.

(அது தம் போடுவதுதானே, எங்கள் வீட்டில் வாரா வாரம் நடப்பதுதானே என்று என் வாய்வரை வந்தது. காலேஜ் படித்தவன் என்பதால் விழுங்கிவிட்டேன்.)

“ராஜா கல்வெட்டுல பொய் சொல்லுவான்ப்பா. அடுப்பு பொய் சொல்லாது. இவன் என்ன தின்னான், எத்தனை பேரு உக்காந்து தின்னாங்க, எந்த மரத்தை வெட்டினான், எல்லாம் இந்தச் சாம்பல்ல இருக்கு.”

அந்தச் சாம்பலைத் தட்டிக்கொடுப்பதுதான் என் உத்தியோகம். பெயிண்ட் அடிக்கிற பிரஷ் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு மாதம், குப்புறப் படுத்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டு, அந்த அடுப்பைத் துடைத்தேன். வெடித்த கல் ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய காகிதச் சீட்டு ஒட்டினேன். சுற்றிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டினேன். அடியில் கிடைத்த கரித்துண்டுகளை இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டினேன். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அந்தக் கரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அந்த நெருப்பு எப்போது எரிந்தது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்களாம்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது? பெரிய அடுப்பு வேண்டாம் என்று போனவன் மலைக்கு அந்தப் பக்கம் அடுப்புச் சாம்பல் அள்ளுகிறான் என்று தெரிந்தால் அத்தா கல்லாவில் உட்கார்ந்தபடியே பஜார் முழுக்க அறிவித்துவிடுவார். அதனால் லீவில் போகும்போது யார் கேட்டாலும், “ராஜா காலத்துச் சமாச்சாரம். அரசாங்க ரகசியம்” என்று சொல்லி வைத்தேன். அவர்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டார்கள்.

கோடை மழை ஆரம்பிக்கிற நேரத்தில் பேராசிரியருக்குச் சேதி வந்தது. டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறார். அவர் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் அடுத்த வருஷமும் அங்கே தோண்ட அனுமதி கிடைக்கும். எனக்கும் சென்னை மியூசியத்தில் நிரந்தர வேலைக்குச் சிபாரிசு செய்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். மியூசியம்! ஃபேன் இருக்கும், மேசை இருக்கும், புகை இருக்காது.

அதிகாரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரராம். டில்லியில் ரொட்டி தின்று தின்று நொந்துபோயிருப்பார், நல்ல பிரியாணி போட்டால் மனசு குளிரும் என்று பேராசிரியருக்கு யோசனை. “உங்க சொந்தத்துல யாராச்சும் சமைக்க வருவாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

வருவாங்களாவா? அய்யம்பாளையத்தில் இருந்தார் என் தாய்மாமன். இபுராகிம் மாமு. அடிவாரத்து ஊர்களில் அவர் இல்லாமல் கல்யாணம் கிடையாது. ஆள் ஆறடி. குரல் அதற்கும் மேல். கல்யாண வீட்டில் யார் அடுப்பு மூட்டி வைத்திருந்தாலும் அது அவருக்குப் பிடிக்காது. “எவன்டா போட்டான் இந்த அடுப்பை? இதுல வெந்நிகூடக் காயாது” என்று காலால் எட்டி உதைத்துவிட்டு, கல்லை எல்லாம் திருப்பி வைத்து, அவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்ட பிறகுதான் தேக்சாவை ஏற்றுவார். அந்தப் பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்வரை மாப்பிள்ளை வீட்டார்கூடப் பக்கத்தில் போக முடியாது.

கீழே இறங்கிப்போய் அவரை நேரில் பார்த்தேன். தொப்பியோடுதான் போனேன். “மாமு, டில்லி ஆபீசர் வர்றாரு. என் வேலையே இதுலதான் இருக்கு. நீங்க வேற எதுக்கும் கவலைப்பட வேணாம். அடுப்பெல்லாம் நான் சுத்தமாத் தயார் பண்ணி வச்சிருவேன். நீங்க வந்து பத்தவச்சாப் போதும்” என்றேன்.

அடுப்பு என்று நான் சொன்னது கூடாரத்துக்குப் பின்னால் செங்கல் வைத்து நான் கட்டியிருந்த அடுப்பை. இதை எதற்காக இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதைப் பிற்பாடு ஒருத்தர்கூடக் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பேய்மழை. மேட்டில் இருந்த அடுப்புக்குத் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. நானும் பேராசிரியரும் அதிகாரியை எதிர்கொள்ளத் தார்ரோட்டுக்கு இறங்கிப் போனோம். அங்கே போய் நின்றால் ஜீப் வரவில்லை. வழியில் எங்கேயோ மண் சரிந்து, பாதையைச் சரிசெய்து, அவர் வந்துசேர மதியமாகிவிட்டது. நாங்கள் பாதையோரத்தில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், இபுராகிம் மாமு எஸ்டேட் லாரியில் தேக்சா, கறி, சீரகச் சம்பா எல்லாவற்றோடும் மேற்குப் பக்கத்துப் பாதை வழியாகக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. மாமுவே பிற்பாடு பெருமையோடு சொன்னது.

கூடாரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். என் செங்கல் அடுப்புக்குள் முழங்கால் அளவு தண்ணீர். காவலுக்கு இருந்த சடையனைக் கூப்பிட்டு, “ஏலே, அடுப்பு தயாரா இருக்குன்னானே எங்க மருமவன். இதுல தவளைதான் வளக்க முடியும்!” என்று சத்தம் போட்டிருக்கிறார்.

சடையன் நல்ல மனுஷன். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. “அய்யா, மேல பாறைக்கடியில இன்னொரு அடுப்பு கெடக்குங்க. ஒங்க மருமகப்பிள்ளை அதைத்தான் ரெண்டு மாசமாத் தொடச்சுத் தொடச்சு வச்சிருக்காக.”

மாமு மேலே போனார். தார்ப்பாயைத் தூக்கினார். அவர் கண் கலங்கிவிட்டதாம்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ அடுப்பைப் பார்த்தவர். ஒரு சொட்டு ஈரமில்லாமல், ஒரு தூசியில்லாமல், நாய் பூனை நுழையாதபடி சுற்றிலும் நூல் கட்டி, எரிக்கக் காகிதம் கல்லுக்குக் கல் ஒட்டி, பக்கத்தில் கரியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்த அடுப்பை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். “நம்ம ஜமாலுக்கு மாமன் மேல இம்புட்டுப் பாசமான்னு நெஞ்சு அடைச்சுப்போச்சுடா” என்றார் என்னிடம்.

பாசத்தோடு வேலையை ஆரம்பித்தார். நூலை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டார். (அதைத்தான் மூடியைக் கட்டப் பயன்படுத்தினார்.) சீட்டுகளைப் பிய்த்து நெருப்பு மூட்டினார். நிறுத்தியிருந்த கல்லில் ஒன்று சாய்ந்திருப்பதாக அவருக்குப் பட்டது. அது மூவாயிரம் வருஷமாகச் சாய்ந்திருந்த கல். காலால் ஒரு உதை விட்டு நேராக்கினார். சின்னக் குழியில் கிடந்த வெடித்த கற்களை வெளியே வீசிவிட்டு, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தால்ச்சாச் சட்டியை இறக்கி வைத்தார். சரியான அளவாம். ஆடாமல் அசையாமல் நின்றதாம்.

ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். குண்டான மனிதர், முகம் சோர்ந்துபோயிருந்தது. பேராசிரியர், “முதல்ல இடத்தைப் பாத்துடலாமா சார்?” என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் மலைச்சரிவு முழுக்க அந்த வாசனை இறங்கி வந்துவிட்டது. அதிகாரி நின்றார். மூக்கை உயர்த்தினார். “சாப்பிட்டுட்டு நிதானமாப் பாக்கலாமே” என்றார்.

நாங்கள் கூடாரத்துக்கு வருவதற்குள் மாமு தேக்சாவைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டார். வெள்ளை ஜிப்பா, தோளில் துண்டு. எனக்குக் கண்ணைக் காட்டினார். எல்லாம் பிரமாதம் என்று அர்த்தம். நானும் நன்றியோடு தலையை ஆட்டினேன். முட்டாள்! தேக்சா எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? தோன்றவில்லை. அந்த நேரத்தில் நான் மனசுக்குள் சென்னை மியூசியத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

மூடியைத் திறந்தார் மாமு. அதிகாரி முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் இலையைப் பார்த்துக் குனிந்த தலை நிமிரவில்லை. நான் ஓடி ஓடிப் பரிமாறினேன். சோறு என்றாலே கைப்பிடி அளவு சாப்பிடுகிற பேராசிரியர் மூன்றாவது தடவை இலையைத் தட்டினார். அதிகாரி எலும்பை உறிஞ்சியபடி, “தணிகாசலம், அடுத்த வருஷம் என்ன, அதுக்கடுத்த வருஷமும் தோண்டுங்க” என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். என் வாழ்க்கையிலேயே நான் மிக உயரத்தில் இருந்த நிமிஷம் அது.

சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம். பேராசிரியர் முன்னால். ஏறும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். மாமுவும் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். தன் அடுப்பைப் பற்றி யாரோ பெரிய மனிதர் பாராட்டிப் பேசப்போகிறார் என்று நினைத்திருக்கிறார்.

“சார், நீங்க பாக்கப்போறது சாதாரண இடம் இல்லை” என்றார் பேராசிரியர், பாறையை நெருங்கும்போது. “மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடைசியா ஒருத்தன் இங்க தீ மூட்டிச் சமைச்சிருக்கான். அவன் எந்திரிச்சுப் போனதுக்கு அப்புறம் இந்த அடுப்பை மனுஷன் தொட்டதே கிடையாது. அவன் விட்டுட்டுப் போனபடியே இருக்கு.”

அதிகாரி பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார். குனிந்து, உள்ளே போய், உட்கார்ந்து, சாம்பலில் மெதுவாகக் கையை வைத்தார்.

வெடுக்கென்று எடுத்தார்.

“என்னவே இது! சூடா இருக்கே!”

டில்லியில் அத்தனை வருஷம் இருந்தவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் ஊர்ப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. நாங்கள் எட்டிப் பார்த்தோம். நடுவில் கங்கு இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நூல் இல்லை. சீட்டு இல்லை. கல் எல்லாம் சிப்பாய் மாதிரி நேராக நின்றது. ஓரத்தில் வெங்காயத் தோல்.

பேராசிரியர் வாயைத் திறந்தார். மாமுதான் பேசினார்.

“அய்யா, அடுப்புன்னா இதாங்க அடுப்பு! காத்து இழுக்குற இழுவையைப் பாக்கணுமே. ஊதுகுழலைத் தொடவே இல்லீங்க. ஒரு கல்லு மட்டும் கோணலா இருந்துச்சு. அதை நான் நேரா வச்சுட்டேன்.”

பேராசிரியர் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காற்றாக வந்த குரலில் கேட்டார். “கரி... பொட்டலம்...”

“அதையெல்லாம் வீணாக்கலீங்க. பிரிச்சுக் கங்கோட சேத்துத் தம்முக்கு மூடி மேல போட்டுட்டேன்” என்றார் மாமு. பிறகு தன் தொழிலுக்கு நேர்மையாக ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஆனா வெரசா அவிஞ்சுபோச்சுங்க. கொஞ்சம் பழைய கரி போல.”

அதிகாரிதான் முதலில் சிரித்தார். சிரித்தால் பரவாயில்லை. தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, “பழைய கரி! பழைய கரி!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, “தணிகாசலம், ஒங்க அடுப்பு நல்லா வேலை செய்யுதுவே” என்று வேறு சொன்னார். பேராசிரியர் சிரிக்கவில்லை. எழுந்து, வீசியெறியப்பட்ட கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். எந்தக் கல் எந்த எண் என்று இனி அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதர் இரண்டு மாதமாக ராத்திரியும் பகலும் அந்த அடுப்போடு பேசிக்கொண்டிருந்தவர். நானும்தான், வேண்டாவெறுப்பாக என்றாலும், அந்தக் கல் ஒவ்வொன்றையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரித் துடைத்திருந்தேன். நானும் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன்.

ஆனால் துக்கப்பட எனக்கு நேரம் கொடுத்தால்தானே! பேராசிரியர் திரும்பினார். பார்வை மாமுவைத் தாண்டி என்மேல் வந்து நின்றது.

“உங்க மாமாகிட்ட அடுப்பு தயாரா இருக்குன்னு சொன்னது யாரு?”

“சார், நான் சொன்னது கூடாரத்துக்குப் பின்னாடி...”

“பத்தவச்சாப் போதும்னு சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன் சார், ஆனா அது செங்கல் அடுப்பை...”

“சொன்னியா, இல்லையா?”

மாமு குறுக்கே புகுந்தார். என்னைக் காப்பாற்றத்தான். “அய்யா, பிள்ளையைத் திட்டாதீங்க. தப்பு நடந்துபோச்சு. நாளைக்கே நான் ரெண்டு ஆளோட வந்து, இதே மாதிரி, இதைவிடப் பெருசா ஒரு அடுப்பு போட்டுக் குடுத்துர்றேன். அடுப்புதானே!”

அந்தக் கடைசி வார்த்தையோடு என் மியூசியம் வேலை போயிற்று.

அதிகாரி நல்லவர்தான். போகும்போது என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆனால், “பாத்தேன்னு எதை நான் எழுதுறது?” என்று கைவிரித்துவிட்டார். தோண்டல் நின்றது. பேராசிரியர் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு சென்னைக்குப் போனார். கடைசியாக அவர் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: “நீ உங்க அத்தா கடைக்கே போப்பா.”

நான் என்ன செய்தேன்? நானா கல்லை உதைத்தேன்? ஒரு பலகையில் ‘இது பழைய அடுப்பு, தொடாதே’ என்று எழுதி வைக்க வேண்டுமென்று அத்தனை படித்த மனிதருக்குத் தோன்றவில்லையே, அதற்கு யாரைத் திட்டுவது? மூன்று தரம் இலையைத் தட்டியவருக்கு அந்த நேரத்தில் சந்தேகம் வந்ததா? என்னைக் கொடைக்கானலில் விட வந்த மாமுவிடம் லாரியில் வழியெல்லாம் இதைத்தான் கத்திக்கொண்டே வந்தேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். “சமைக்கக் கூடாத அடுப்பை எதுக்குடா துடைச்சு வைக்கிறீக? பூட்டி வைக்க வேண்டியதுதானே!”

கொடைக்கானல் பஜாரில் இறங்குவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்கட்டுக்குள் போய் வாயில் கையைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

இபுராகிம் மாமுவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அந்த வருஷத்திலிருந்து கல்யாண வீடுகளில் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற முறையே மாறிப்போனது. “மூவாயிரம் வருஷமா யாரும் சமைக்காத அடுப்புல சமைச்ச கை இது” என்று கையை நீட்டுவார். பெண் வீட்டார் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

நான் பெரிய அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் கைப்பக்குவம் வந்துவிட்டது. என் பிரியாணிக்காக வடகவுஞ்சியிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு மழைநாளில், மூடுபனியில் பஜாரே தெரியாத மதியத்தில், மஃப்ளர் சுற்றிய ஒருவர் வந்து ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டபோதுதான் தெரிந்தது. பேராசிரியர் தணிகாசலம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தா கல்லாவில் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். நானே இலை போட்டேன். அன்றைக்கு தம் அற்புதமாக வந்திருந்தது. நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அவர் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். கைகழுவினார். வாசலில் குடையை விரித்தவர், திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

மன்னிப்புத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அதை எப்படிப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்வது என்றுகூட அந்த ஒரு நொடியில் யோசித்து வைத்துவிட்டேன்.

“நல்லாருக்கு ஜமால்” என்றார். “ஆனா அன்னிக்குச் சாப்பிட்டது இதைவிட நல்லாருந்தது.”

பனிக்குள் நடந்து போய்விட்டார்.

பெரும்பாறையில் அன்றைக்கு ஓடி ஓடிப் பரிமாறிய எனக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை என்பதையோ, அதனால் அவர் சொன்னது சரியா தப்பா என்று சாகும்வரை என்னால் வாதாடவே முடியாது என்பதையோ அவர் யோசித்தாரா? மாட்டார். என்னால் அந்த அநியாயத்தை மட்டும் ஜீரணிக்கவே முடியவில்லை. அத்தாவோ பேராசிரியர் சொன்னதை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைச் சமைத்துப் போட்டாலும் ஒரு கவளம் வாயில் வைத்து, கண்ணை மூடி, அந்த வாக்கியத்தைச் சொல்லாத ஆள் கிடையாது. என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள். மருமகன் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார்.

போன மாதம் என் பேத்திக்கு (அவளுக்கு நான் ‘நன்னா’) ஒரு தோசை சுட்டுக் கொடுத்தேன். அதுவும் நெய் ஊற்றி. முழுவதையும் தின்று முடித்து விரலை நக்கிவிட்டு, “அன்னிக்குச் சாப்பிட்டது இதைவிட நல்லாருந்துச்சு நன்னா” என்கிறாள்.

அன்றைக்கு அவள் அம்மாவே பிறந்திருக்கவில்லை!